கலெக்டருக்கு வைத்த குறி

"மேடம், கலெக்டர் போயிட்டாருங்களா?"

சில்வர் ஓக் மரத்தில் இரண்டாள் உயரத்துக்கும் மேலே, இரண்டு கால்களாலும் ஒரு கையாலும் தண்டைக் கட்டிக்கொண்டு தொங்கினான் ரெனிஷ். மிச்சமிருந்த கையால், மரத்தில் குத்திக்கொண்டு நின்ற ஒரு நீளக் கோலை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"போகலை. உன்னையேதான் பாத்துட்டு நிக்கறாரு," என்றாள் ராஜப்ரியா. ஜீப்பின் கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றிக்கொண்டுதான் அதையும் சொன்னாள்.

மரத்தடியில் நின்றது ஒரு காட்டெருமை. கறுத்த மலை மாதிரி உடம்பு, நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ் மாட்டியது போல் நிறம், நுனி உடைந்த இடது கொம்பு. அது ரோட்டில் வந்து நின்றால் பஸ், லாரி, பள்ளி வேன் எல்லாம் வரிசையில் காத்திருக்க வேண்டும். அதுவாக மனசு வைத்து நகர்ந்தால்தான் குன்னூர் நகரும். அதனால் டன்வுட் எஸ்டேட் பக்கம் அதற்குக் கலெக்டர் என்று பெயர்.

"ஏதாச்சும் மனு குடுத்தா போயிடுவாரா?"

"வாயை மூடிட்டு இழு. போட்டோ நான் எடுத்துட்டேன். உடைஞ்ச கொம்பு தெளிவா விழுந்திருக்குது."

'சர்ரக்' என்று கோல் பிடுங்கிக்கொண்டு வந்தது. கூடவே ரெனிஷும் வந்தான். பாதி மரத்தில் எப்படியோ ஒரு கிளை அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியது. கலெக்டர் 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டார்.

"எண்டம்மோ! மேடம்! ஜீப்!"

ராஜப்ரியா ரிவர்ஸ் கியரைத் தட்டினாள். ஜீப் பின்னால் பாய்ந்து கிளைக்கு நேர்கீழே நின்றது. சட்டை கிழிந்தது. ரெனிஷ் விழுந்தான். ஜீப்பின் தார்ப்பாயும் கிழிந்தது. அடுத்த நொடி அவன் பின்சீட்டில் மல்லாந்து கிடந்தான், கையில் கோலோடு.

"செத்துப்போனதாச் சொன்னாங்களே மேடம், இந்தாளை?"

"அதான் பாத்தியே. நல்லாத்தான் இருக்காரு. இனி இந்தப் போட்டோவை ரேஞ்சர் பாக்கணும். ஏறி முன்னால உக்காரு."

தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறிய பாதையில் ஜீப் முனகியது. பங்களா போய்ச் சேர்வதற்குள் கேஸை மறுபடி ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள் ராஜப்ரியா.

முந்தாநாள் விடியற்காலை டன்வுட் பங்களா பக்கம் 'டொம்' என்று ஒரு சத்தம். கொழுந்து பறிக்கக் கிளம்பிய பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் கலெக்டர் யார் கண்ணிலும் படவில்லை. வனத்துறை வந்து பார்த்தபோது, பங்களா ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பழைய வேட்டைத் துப்பாக்கியில் புதுக் கரி வாசம் வீசியது.

வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் அது. தோட்டா கிடையாது. குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து, பெரிய நெல்லிக்காய் பருமனுள்ள ஈயக்குண்டைப் போட்டு, நீளக் கோல் ஒன்றால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். யானைக்கும் காட்டெருமைக்கும் என்றே செய்தது. குழாய்க்கு அடியில் செருகியிருக்க வேண்டிய அந்தக் கோலைத்தான் காணவில்லை.

அலமாரிச் சாவி இருந்தது பட்லர் மனுவேலிடம். கேட்டால் அவன் வாயே திறக்கவில்லை. இன்று மதியச் சாப்பாட்டுக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் மனுவேலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவது என்று ரேஞ்சர் கனிஷ்கா முடிவு செய்திருந்தாள். காட்டெருமை வேட்டை. உள்ளே போனால் லேசில் வெளியே வர முடியாத கேஸ்.

துப்பறிய ராஜப்ரியாவைக் கூப்பிட்டது மனுவேலின் அக்கா ஐவி டீச்சர். கீழே சர்ச் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். பங்களாவுக்குப் பின்னால் வேலி ஓரமாக ஒரு சின்ன வீடு, ஒரு காய்கறித் தோட்டம், அக்காவும் தம்பியும் மட்டும். "எறும்பை மிதிச்சாக்கூட ஜெபம் பண்றவனுங்க எந் தம்பி," என்று போனில் சொல்லியிருந்தாள். காலையில் இவர்கள் வந்து இறங்கியவுடன், "எங்க தோட்டத்துக்கு அந்தாண்டை ஓக் மரத்துல என்னமோ நீட்டிட்டு நிக்குதாம். பசங்க சொன்னாங்க," என்று கையைக் காட்டியதும் அவள்தான்.

"டீச்சரைப் பாத்தீங்களா மேடம்?" என்றான் ரெனிஷ். "வலது புருவம் மட்டும் தூக்கிட்டே நிக்குது. பாதி மூஞ்சி சும்மா இருக்குது, பாதி மூஞ்சி ஹோம்வொர்க் கேக்குது."

"உன்னைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் கேக்கத் தோணும்."

பங்களா ஹாலில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, கண்ணை மறைக்கும் பெரிய வேட்டைத் தொப்பி சகிதம் நின்றிருந்தான் சந்துரு. கோயமுத்தூர்க்காரன். போன வருஷம் பங்களாவை வாங்கி, 'ஷிகார் அனுபவம்' என்று போர்டு மாட்டி, டூரிஸ்டுகளைத் தங்க வைக்கிறான். அவன் ஆயுளில் வேட்டையாடியது கொசு மட்டும்தான் என்பது ரெனிஷின் அபிப்பிராயம்.

ரேஞ்சர் கனிஷ்கா கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். மூலையில் வெள்ளைக் கோட்டுடன் மனுவேல். சாந்தமான முகம், அதில் இரண்டு அட்டைகள் ரத்தம் குடித்துவிட்டுப் படுத்துக் கிடப்பது போல் தடித்த புருவங்கள். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"என்னங்க மனுவேல், கையில?"

"முதலாளி பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டனுங்க," என்றான் அவன். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ராஜப்ரியா போனை நீட்டினாள். கனிஷ்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் தோள் லேசாக இறங்கியது.

"உயிரோட இருக்காரா! நல்ல வேளைங்க. நானும் ரெண்டு நாளா ஓடையெல்லாம் தேடிட்டிருக்கேன்." உடனே குரல் பழையபடி விறைத்தது. "ஆனா குறி தப்பினாலும் வேட்டை வேட்டைதான் மேடம். சுட முயற்சி பண்ணினாலே கேஸ்தான்."

"அதையே நானும் சொல்றேன்!" என்றான் சந்துரு. "எம் பங்களா பேரே கெட்டுப் போச்சு. கூட்டிட்டுப் போங்க, முடிஞ்சுது."

"அவசரப்படாதீங்க சார். முந்தாநாள்தான் ஒருத்தர் அவசரப்பட்டு இதைத் தொலைச்சிருக்காங்க." கோலை மேஜை மேல் வைத்தாள் ராஜப்ரியா. "மருந்து கெட்டிச்சதும் கோலை வெளிய உருவணும். இந்த மாதிரித் துப்பாக்கியில மட்டும்தான் அப்படி ஒரு வேலை. சுட்டவங்க பதட்டத்துல மறந்துட்டாங்க. கோல் குழாய்க்குள்ளயே இருக்க, விசையை இழுத்துட்டாங்க. அது அம்பு மாதிரி பறந்து போயி ஓக் மரத்துல குத்திட்டு நின்னுடுச்சு."

"நானெல்லாம் அதிகபட்சம் பைக் சாவியத்தான் மறப்பேன்," என்றான் ரெனிஷ். "இன்னொண்ணு ரேஞ்சரம்மா. அது குத்தியிருந்த இடம் ரெண்டாள் உசரத்துக்கு மேல. நான் ஏறிப் பாத்தேன், சட்டையே சாட்சி. கலெக்டர் அந்த நேரத்துல பறந்துட்டிருந்தாருங்களா?"

கனிஷ்கா சிரிப்பை அடக்கினாள். "கை நடுங்கியிருக்கும்."

கோலின் பித்தளை முனையைத் திருப்பிக் காட்டினாள் ராஜப்ரியா. அதில் பாதி கருகிய மஞ்சள் துணி ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சிவப்புத் தையல்.

"நான்தானுங்க சுட்டேன்!"

எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு நாளாக வாய் திறக்காத மனுவேல் ஒரு அடி முன்னால் வந்து நின்றான்.

"அது எந் துணிதானுங்க. வெள்ளிச் சாமான் துடைக்கிறது. சாவியும் எங்கிட்டத்தான் இருந்துது. நான்தான் சுட்டேன். போலாமுங்க ரேஞ்சரம்மா."

"பாத்தீங்களா!" என்று குதித்தான் சந்துரு.

சமையலறை வாசலில் டீ ட்ரேயுடன் வந்த ஐவி டீச்சர் அப்படியே நின்றாள். ராஜப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"சந்தோஷமுங்க. வேலை மிச்சம். எப்படிக் கெட்டிச்சீங்கன்னு மட்டும் வரிசையாச் சொல்லிடுங்க."

மனுவேல் துப்பாக்கியைப் பார்த்தான். "மொதல்ல... குண்டைப் போட்டனுங்க. அப்புறம் துணி. அதுக்கு மேல மருந்து."

டீச்சர் கையிலிருந்த ட்ரே கிணுகிணுத்தது. தப்பான விடை கேட்ட ஹெட்மிஸ்ட்ரஸின் கை.

"குண்டுக்கு மேல மருந்தா?" என்றாள் ராஜப்ரியா. "நெருப்பு வர்ற ஓட்டை குழாயோட அடியில இருக்குதுங்க. நீங்க சொல்ற மாதிரி கெட்டிச்சா இன்னிக்கு வரைக்கும் சத்தம் வந்திருக்காது."

"குக்கர் மூடி மேல அரிசியைக் கொட்டின மாதிரி," என்றான் ரெனிஷ்.

"இவரு இந்தத் துப்பாக்கியைத் துடைச்சிருக்காரு, தூக்கியிருக்காரு. சுட்டதே இல்லை. சரி, சுட்டவங்க எப்படிக் கெட்டிச்சாங்க? அடியில மருந்து. அது மேல துணி. துணி மேல குண்டு. கடைசியா, குண்டு மேல கோல். இதான வரிசை? அப்ப கோலோட முனை எதைத் தொட்டுட்டு இருக்கணும்?"

"குண்டை," என்றாள் கனிஷ்கா.

"ஆனா ஒட்டியிருக்கறது என்ன?"

கனிஷ்கா கோலைக் கையில் எடுத்தாள். மஞ்சள் துணியைப் பார்த்தாள். ராஜப்ரியாவைப் பார்த்தாள். மெதுவாக, "நடுவுல குண்டே இல்லை," என்றாள்.

"இல்லை. வெறும் மருந்தும் துணியும்தான். அதையும் வானத்தைப் பாத்து. யாரும் கலெக்டரைக் கொல்லப் பாக்கலைங்க. சத்தம் போட்டு விரட்டப் பாத்திருக்காங்க. அவ்வளவுதான். கோலை மறந்தது மட்டும்தான் தப்பு."

"யாரு?" என்றான் சந்துரு. அவன் கை தன்னையறியாமல் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டது. அதை ரெனிஷ் பார்த்தான். ரெனிஷ் பார்த்ததை ராஜப்ரியா பார்த்தாள்.

அவள் எழுந்து அலமாரியிலிருந்த துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "வலது பக்கம் இந்தச் சின்னக் கிண்ணம் பாருங்க. இதுல ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தா கல் உரசும், பொறி விழும், இது குபீர்னு எரியும். அந்த நெருப்புதான் உள்ள போயி பெரிய மருந்தைப் பத்த வைக்கும். குபீர்னு எரியற நேரத்துல சுடறவங்க வலது கண்ணு எங்க இருக்கும்? இதுக்கு ஒரு சாண் தள்ளி. பழகினவங்க தப்பிச்சுக்குவாங்க. பழகாதவங்களுக்கு..."

"புருவம் போயிடும்!" என்று கத்தினான் ரெனிஷ்.

மனுவேலின் இரண்டு அட்டைகளும் முழுசாகப் படுத்துக் கிடந்தன. எல்லோர் கண்ணும் தொப்பிக்குத் தாவியது.

"சந்துரு சார், தொப்பியைக் கழட்டுங்க."

"முடியாது."

"ஊட்டுக்குள்ள எதுக்குங்க தொப்பி?"

"அது... ஒரு இதுக்காக."

ரெனிஷ் அவன் பின்னால் நின்றிருந்தான். அவனுக்குத் தும்மல் வந்தது. தும்மும்போது கை எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? தொப்பி கணப்பு ஓரம் போய் விழுந்தது.

சந்துருவின் புருவங்கள் இரண்டும் பத்திரமாக இருந்தன. அதற்கு மேலே, நெற்றியிலிருந்து உச்சி வரை, புதிதாக நட்ட தேயிலை நாற்று மாதிரி வரிசை வரிசையாகச் சிவந்த புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டி முடி.

"போன வாரம்தான் நட்டாங்க," என்றான் சந்துரு கம்மிய குரலில். "காத்து படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"உரம் போட்டாச்சுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டான் ரெனிஷ்.

கனிஷ்கா அதைக் கவனிக்கவில்லை. அலமாரியில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்திருந்த, வெடிமருந்து நிரப்பும் பழைய மாட்டுக் கொம்பை எடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே 'சரசர' என்றது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். கறுப்பு மணிகள்.

"அலங்காரத்துக்கு வச்சிருக்கற கொம்புக்குள்ள நிஜ மருந்து எப்படி வந்துதுங்க சார்?"

"அது சும்மா... சனிக்கிழமை கெஸ்ட் வந்தா, புல்தரையில நின்னு கெட்டிச்சுக் காட்டுவேன். கிண்ணத்துல மட்டும் கொஞ்சூண்டு போட்டுப் புகை விட்டா போட்டோ நல்லா வருமுங்க."

"சனிக்கிழமை சனிக்கிழமை," என்றாள் ராஜப்ரியா மெல்ல. "வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்துட்டிருந்தாலே வரிசை மனப்பாடம் ஆயிடும்."

"டீ ஆறிடுமுங்க," என்றாள் ஐவி டீச்சர்.

அவள் ட்ரேயை மேஜையில் வைத்துக் கெட்டிலைத் தூக்கினாள். கைப்பிடி சுடாமலிருக்க ஒரு மஞ்சள் துணியைச் சுற்றியிருந்தாள். சிவப்புத் தையல் போட்ட துணி. ஒரு மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. டீச்சர் குனிந்தாள். ஒரு கப்பில் டீ ஊற்றுவதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தாள். ஆவி புகைந்து அவள் மூக்குக் கண்ணாடியையும் முகத்தையும் மூடியது. அவள் நிமிரவில்லை.

ராஜப்ரியா துணியைப் பார்த்தாள். மரத்தைக் காட்டிய கை ஞாபகம் வந்தது. பிறகு அந்த ஆவிக்குள் பார்த்தாள்.

"டீச்சர்," என்றாள், "உங்க வலது புருவம் டீயில விழுந்துட்டிருக்குதுங்க."

கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு இறங்கி, 'சொட்' என்று கப்பில் விழுந்தது.

"அக்கா!" என்று பாய்ந்து வந்தான் மனுவேல். "உன்னை ஆரு டீ கொண்டாரச் சொன்னது?"

டீச்சர் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இடது பக்கம் மெல்லிய வில் மாதிரி நரைத்த புருவம். வலது பக்கம் ஒன்றுமில்லை. பொசுங்கிச் சிவந்த தோல். இத்தனை நேரம் அங்கே இருந்தது தடியாக, கறுப்பாக, கொஞ்சம் தூக்கலாக வரைந்த ஒரு அட்டை. பூட்ஸ் பாலிஷ். மனுவேலுக்கு வரையத் தெரிந்தது தன்னுடைய புருவம் ஒன்றுதான்.

"கண்ணாடியைக் கழட்டினா அவளுக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாதுங்க," என்றான் அவன், யாரையும் பார்க்காமல். "அதான் நானே காலைல காலைல வரைஞ்சு விட்டேன். வேட்டைக் கேஸுன்னு பேரு வந்தா ஸ்கூல்ல வச்சுக்குவாங்களா? அவளுக்கு அந்தப் பசங்களை விட்டா ஒண்ணும் கிடையாதுங்க. எனக்கென்ன, வெள்ளிச் சாமான் எங்க வேணும்னாலும் துடைச்சுக்குவேன்."

"எதுக்குங்க டீச்சர்?" என்றாள் கனிஷ்கா. குரலில் விறைப்பு இல்லை.

"அறுப்பின் பண்டிகைக்குன்னு முட்டைக்கோஸ் வச்சிருந்தேனுங்க. சர்ச் ஏலத்துல வருஷா வருஷம் எங்கோசுக்குத்தான் போட்டி. விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா ஒரு பாத்தி காலி. அடுத்த பாத்தியில நிக்கறாரு. கைதட்டினேன், தகரத்தைத் தட்டினேன், போங்கன்னு இங்கிலீஷ்லகூடச் சொன்னேன். மென்னுட்டே என்னைப் பாத்தாரு." டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். "தம்பி சாவி ஆணியில தொங்குச்சு. சத்தம் மட்டும் போடலாம்னுதான். கோலை உருவணும்னு தெரியுமுங்க. கண்ணாடியை ஊட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். கோல் நீட்டிட்டு இருந்ததே தெரியலை."

கனிஷ்கா கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குண்டு இல்லை. குறி இல்லை. கலெக்டர் உசுரோட சுத்திட்டிருக்காரு. இது வேட்டை இல்லைங்க. அப்படித்தான் மேல சொல்லுவேன். நீங்க ஆபீஸ் வந்து நடந்ததைச் சொல்லிட்டுப் போங்க. இனி அவரு வந்தா எனக்குப் போன் பண்ணணும், துப்பாக்கியைத் தொடக்கூடாது." துப்பாக்கியையும் கொம்பையும் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "இது ரெண்டும் எங்கூட வருது. சந்துரு சார், நீங்களும்தான். மருந்து எங்க வாங்கினீங்கன்னு பேசலாம். தொப்பி போட்டுக்கோங்க, ஜீப்ல காத்து அடிக்கும்."

ஜீப்பில் மனுவேலுக்கென்று வைத்திருந்த இடம் வீணாகவில்லை.

வண்டிச் சத்தம் வளைவில் மறைந்ததும் மனுவேல் அக்காவைப் பார்த்து, "நாஞ்சொன்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டியே," என்று முணுமுணுத்துவிட்டுப் பாலிஷ் மிதந்த டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கொட்டிவிட்டு வேறு போடத்தான்.

ரெனிஷ் கிழிந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே, "ஏன் மேடம், எனக்கொண்ணு புரியலை," என்றான். "சுட்டது டீச்சர். மறைச்சது தம்பி. ஆரும் வாயைத் திறக்கலை. அப்புறம் நம்மளை எதுக்குக் காசு குடுத்துக் கூப்பிட்டாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கப் போறேன்," என்று டீச்சர் பக்கம் திரும்பினாள் ராஜப்ரியா. "மரத்தைக் காட்டினது நீங்க. வெட்டின துணியைக் கெட்டில்ல சுத்திட்டு வந்ததும் நீங்க. ஆவியில மூஞ்சியக் காட்டினதும் நீங்க. ஏனுங்க டீச்சர், இதுக்கு நேராப் போயி ரேஞ்சர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

ஐவி டீச்சர் சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். கப் கழுவும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கே கிளம்பினேனுங்க. அவன் விடலை. எங்கையைப் புடிச்சு பைபிள் மேல வச்சு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டான்." புருவமில்லாத அந்தப் பக்கம் லேசாகத் தூக்கி நின்றது. "சொல்ல மாட்டேன்னுதானுங்க சத்தியம் பண்ணினேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு பண்ணலையே."